சாட்சிக் கையெழுத்து

ஜூன் 11, செவ்வாய்

லேப் நோட்டில் பக்க எண் அச்சாகியிருக்கும். தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சாட்சி ஒருவர் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருடமாக எனக்கு அப்படி எழுதித்தான் பழக்கம். இது உரக்கடையில் கொடுத்த டைரி. அட்டையில் நெற்கதிர் படம், உள்ளே ஜனவரியிலிருந்து எல்லாப் பக்கமும் காலி. இதற்குச் சாட்சி தேவையில்லை. மனதில் இருப்பதை எழுதலாம்.

இன்று அக்காவின் காலைக் காட்டப் போயிருந்தோம். அவளுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்தாயிற்று. இப்போது அதே பாதத்தின் அடியில் நாலு சென்டிமீட்டருக்குப் புண், ஐந்து மாதமாக ஆறவில்லை. சர்ஜன் புண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. "ரெண்டு மாசம் டைம் தாரேன். ஆறலைன்னா கணுக்காலுக்கு மேல எடுத்துருவோம்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது அக்கா கேட்டாள்: "ஏட்டி மலரு, ஒத்தச் செருப்பு எந்தக் கடையில விப்பான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பாளையங்கோட்டை வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

வசுமதி சாப்பிட வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. அவள் ஊரின் இன்னொரு முனையில் ஆராய்ச்சி நிலையத்தில் மருந்தியல். நான் மருந்து செய்வேன், அவள் எலிகளுக்குப் போட்டுப் பார்ப்பாள். ஏழு வருடமாக இதுதான் ஏற்பாடு.

எங்கள் மருந்து ஒரு விஷ வாயு. மூடிய அறையில் கரியடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கியவர்களைக் கொல்லுமே, அதே கார்பன் மோனாக்சைடு. ஆனால் துளியளவு அதை நம் உடம்பே தயாரிக்கிறது. வீக்கத்தைத் தணிக்கும், ரத்தக் குழாயை இளக்கும், புண்ணை ஆற்றும். வேண்டிய இடத்துக்கு மட்டும் அதைக் கொண்டுசேர்ப்பதுதான் சிக்கல். நான் அந்த வாயுவை மாங்கனீஸ் உலோகத்தோடு பிணைத்தேன். இருட்டில் அப்படியே இருக்கும், வெளிச்சம் பட்டால் வாயுவை விட்டுவிடும். கருத்தரங்குகளில் இப்படிச் சொல்வேன்: உலோகம் பஸ், வாயு பயணி, வெளிச்சம் கண்டக்டரின் விசில். ஒருமுறை முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "பயணி இறங்கின பிறகு பஸ் எங்க மேடம் போகும்?" என்று கேட்டாள். "டெப்போவுக்கு" என்றேன். அரங்கமே சிரித்தது.

செப்டம்பர் இருபதாம் தேதி நெறிமுறைக் குழு கூடுகிறது. அனுமதி கிடைத்தால் அக்டோபரில் இருபது நோயாளிகளுக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காவின் காலுக்கு அக்டோபர் வரை நேரமில்லை.

பாத்திரம் கழுவும்போது வசுவிடம் கேட்டேன். "மருந்தால எலிக்கு வேற ஒண்ணும் ஆகலைல்லா?"

"எலியெல்லாம் ஜம்முன்னு ஓடுதுட்டி. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

வசு தட்டைத் துடைத்துக்கொண்டே, முக்காலியில் நீட்டியிருந்த அக்காவின் காலைப் பார்த்தாள். 

ஜூன் 17, திங்கள்

அக்காவுக்குப் புதுக் களிம்பு தொடங்கியது. சென்னையிலிருந்து வந்தது. இருட்டில் பூசி, பிறகு வெயில் காட்ட வேண்டும். வீட்டில் இருட்டுக்குப் பூசையறைதான் வசதி. ஜன்னல் கிடையாது, சாமி படத்துக்கு மேல் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அந்தச் சிவப்பால் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. களிம்பைப் பூசி, கறுப்புத் துணி சுற்றி, பின்வாசலுக்குக் கூட்டிவந்து, துணியை எடுத்துக் காலை வெயிலில் பத்து நிமிடம் பாதத்தை நீட்டச் சொன்னேன்.

"சாமிக்கு முன்னால காலை நீட்டச் சொல்லுத. இது எந்த ஊரு வைத்தியம்?"

"மெட்ராஸ் வைத்தியம்" என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

வெள்ளிக்கிழமை நோட்டு மாற்றும் நாள். நாலு மணிக்கு வசு தன் லேப் நோட்டோடு எங்கள் கேன்டீனுக்கு வருவாள். உளுந்தவடை, டீ. அவள் நோட்டுக்கு நான் சாட்சி, என் நோட்டுக்கு அவள் சாட்சி. படித்துவிட்டுப் போட வேண்டும் என்பது விதி. அவள் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். என் சமன்பாடு எதுவும் அவளுக்குப் புரியாது. ஆகவே வடை ஆறுவதற்குள் ஒரு வாரப் பக்கங்களும் முடிந்துவிடும். எண்ணெய்க் கை படாமல் தாளைத் திருப்புவது ஒன்றுதான் கஷ்டம்.

ஜூலை 3, புதன்

புண் இரண்டே முக்கால் சென்டிமீட்டர்! கண்ணாடித் தாளைப் புண்ணின் மேல் வைத்து ஓரத்தை வரைந்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன். வசுவின் அறிக்கைகளில் எலிகளுக்கு வருகிற அதே வேகம்.

எழுதிவிடுகிறேன். சென்னையிலிருந்து எதுவும் வரவில்லை. அது எங்கள் மருந்தின் பேட்ச் பன்னிரண்டு, என் கையால் செய்தது. அனுமதி வாங்காமல் மனித உடம்பில் போடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். சர்ஜன் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். அக்காவிடம் சொன்னால் பயப்படுவாள்.

வசுவிடம் மட்டும் போனில் சொன்னேன். எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்டாள். பிறகு, "யாருட்டயும் சொல்லாத" என்றாள். அவளைப் போல ஒருத்தி எனக்கு இருப்பது என் அதிர்ஷ்டம்.

ஜூலை 9, செவ்வாய்

அக்கா கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. புது டம்ளர் வழுக்குகிறதாம்.

ஜூலை 14, ஞாயிறு

எதிர்வீட்டுச் சொர்ணம் மதினி ஒரு தாம்பாளம் நிறையக் கல்யாணப் பத்திரிகையும் பெயர்ப் பட்டியலும் கொண்டுவந்தாள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். எங்கள் தெருவில் யார் வீட்டுப் பத்திரிகையானாலும் உறையில் பெயர் எழுதுவது அக்காதான். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் சான்றிதழ் எழுதிய கை. ஊரில் பாதிப் பேரின் டி.சி. அவள் எழுத்தில்தான் இருக்கிறது.

"தங்கம் மதினி 'திரு'ன்னு போடுத அழகுக்கே வர மாட்டேன்னவனும் வருவான்" என்றாள் சொர்ணம் மதினி.

அக்கா பெருமையோடு பேனாவுக்கு மை ஊற்றினாள். ஒரு நாளைக்கு இருபது உறை என்று கணக்கு வைத்திருக்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

பேட்ச் பதினான்கை வடிகட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. இருட்டறையின் சிவப்பு விளக்கும் சேர்ந்து போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம். நிறுவனர் நாளன்று வளைவுக்கு ஆயிரம் பல்பு எரிய மட்டும் டீசல் இருந்தது. வடிகட்டலைப் பாதியில் விட்டால் மூன்று வார வேலை போய்விடும். யாரோ கொடுத்த பலகாரக் கூடையில் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடித் தாளை நாலாக மடித்து, செல்போன் டார்ச்சின் மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். நல்ல சிவப்பு. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. என் சாமர்த்தியத்தை எனக்கே மெச்சத் தோன்றியது.

தூள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அகச்சிவப்புக் கருவி பழுது. ரிப்பேருக்கு ஆள் வர இரண்டு வாரமாகும் என்கிறார்கள்.

வீட்டில் புண் ஒன்றரை சென்டிமீட்டர்.

ஜூலை 24, புதன்

பேட்ச் பதினான்கு. பெரும்பங்கு வசுவுக்கு. ஒரு சின்ன டப்பா வீட்டுக்கு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் ஒன்றரை சென்டிமீட்டர். பத்து நாளாகப் புண் அசையவில்லை. அக்கா இனிப்பு எதையாவது ஒளித்துச் சாப்பிடுகிறாளா என்று அடுக்களை டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

காலையில் சொர்ணம் மதினி தயங்கித் தயங்கி வந்தாள். ஒரு கட்டு உறையைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். "மதினி தப்பா நினைக்கக் கூடாது. எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு. எங்க வீட்டாளால வாசிக்க முடியல."

வாங்கிப் பார்த்தேன். மேலே இருந்த உறைகளில் எழுத்து வழக்கம்போல. கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி உறைகளில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "மையை மிச்சம் பிடிக்கியாக்கா?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் முகத்தில் சிரிப்பு கம்மி. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மத்தியானம் வசு. அக்கா சாம்பார் ஊற்றும்போது கரண்டி ஆடியது. வசு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்கக்கா, நான் ஊத்துதேன்." கூடப் பிறந்தவளுக்கு இல்லாத அக்கறை.

ஆகஸ்ட் 5, திங்கள்

கருவி சரியாயிற்று. பேட்ச் பதினான்கை வைத்தேன். வாயு இருந்தால் வரைபடத்தில் ஆழமாக இரண்டு பள்ளம் விழும். கோடு சமமாகப் போனது. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் அப்படியே. தூளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டியது பழுப்பாக இருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சளும் தெரியாது, பழுப்பும் தெரியாது.

பலகாரக் கூடைத் தாள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது வேறு, நீல ஒளியைத் தடுப்பது வேறு. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் இது. முக்கால் மணி நேரம் என் டார்ச் விசில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பயணிகள் எல்லோரும் என் லேப்பிலேயே இறங்கிப் போய்விட்டார்கள். வசுவுக்குக் காலி பஸ்ஸை அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்கும்.

புண் நின்றுபோன காரணம் தெரிந்துவிட்டது. இருபத்து நாலு எலி வீண். வசுவுக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வாரத்தில் அவளே கேட்பாள், இந்த பேட்ச் ஏன் வேலை செய்யவில்லை என்று. அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அக்காவுக்கு பேட்ச் பதினைந்து. வாயு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துவந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வசுவின் அறிக்கை வந்தது. பேட்ச் பதினான்கு: பதினான்கு நாளில் புண் எழுபத்தொரு சதவீதம் மூடியது. இதுவரை வந்ததில் இதுவே சிறந்த முடிவு. கீழே ஒரு கைதட்டல் படம் வேறு போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒருவேளை வாயு இல்லாமல் உலோகமே புண்ணை ஆற்றுகிறதோ? அப்படியென்றால் அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அக்காவின் புண் ஏன் நின்றது? எலி வேறு, மனுஷி வேறு. எலிக்குச் சர்க்கரை இல்லை.

இல்லை. எலிக்கும் சர்க்கரை வரவழைத்துத்தான் சோதனை செய்கிறோம். காலையிலிருந்து இந்த இரண்டு வரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நோட்டு மாற்றினோம். பேட்ச் பதினான்கின் பக்கத்தில் எண்கள் வரிசையாக, அழகாக இருந்தன. இந்தத் தடவை படித்தேன். படித்துவிட்டும் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வசு கூட்டத்துக்காக மதுரை போயிருக்கிறாள் என்று தெரிந்துதான் போனேன். ஏழு வருடத்தில் முதல் தடவையாக எலிக்கூடத்துக்குள் நுழைந்தேன். பராமரிக்கும் சுடலைமுத்துவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மருந்து செய்யுத மேடம் நீங்கதானா? ஒரு தடவகூட வரலியேன்னு நினைப்பேன்."

"களிம்பு போட்ட எலியைப் பாக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது மே மாசமே முடிஞ்சிட்டே மேடம்."

சுவரோரம் கூண்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன.

"முடிஞ்சுதுன்னா?"

"நடை மாறிப்போச்சு. முன்னால போவச் சொன்னா பின்னால போவும். நின்ன எடத்துல பொத்துன்னு சாயும். காலு வெடவெடன்னு ஆடும். நாந்தான் மொதல்ல பாத்துச் சொன்னேன். வசு மேடம் ரெண்டு நாள் இங்கனயே உக்காந்து பாத்தாவ. பொறவு எல்லாத்தையும் முடிச்சிரு, நோட்டுல ஏத்தாண்டாம்னுட்டாவ. அதுக்குப் பொறவு இந்த மருந்துக்கு எலியே வாங்கல."

"புண்ணு?"

"புண்ணு ஜோரா ஆறிச்சி மேடம். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது."

 ஜூன் பதினாறாம் தேதி எங்கள் வீட்டுத் தொட்டியருகே நின்று 'எலியெல்லாம் ஜம்முன்னு ஓடுது' என்றாளே, அன்று ஓடுவதற்கு அங்கே ஒரு எலியும் இல்லை. ஜூலையில் அக்காவுக்குப் போடுகிறேன் என்று சொன்னபோதும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பார்த்தது சாம்பாரை இல்லை, அந்தக் கையைத்தான். அது எங்கே போய் முடியும் என்று தெரிந்தே பார்த்துவிட்டு, கரண்டியை வாங்கி எனக்கும் ஊற்றி, தானும் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாள். பாவி.

ஆகஸ்ட் 21, புதன்

களிம்பை நிறுத்தினேன். அரை சென்டிமீட்டர்தான் மிச்சம், இனி சர்ஜனின் கத்திக்கு வேலையில்லை, தானாக மூடிவிடும். "மெட்ராஸ்ல மருந்து தீந்துட்டாக்கும்?" என்றாள் அக்கா. ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நரம்பு டாக்டர் அக்காவை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மூளையின் நடுவில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒளிர்ந்தது.

"வெல்டிங் பட்டறையில வேலை பாத்தீங்களாம்மா? பேட்டரி கம்பெனி?"

"நானா? பள்ளிக்கூடத்துல டி.சி. எழுதினேன்" என்றாள் அக்கா.

"மாங்கனீஸ் சேந்தா படம் இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு லிவர் வேற வீக்கு, அதான் வெளிய போகாம தங்கிருக்கு. எங்கிருந்து வந்துதுன்னு தெரியணும். வீட்ல போர் தண்ணியா?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், அதில் பொய்யில்லை. தண்ணீரைச் சோதிக்க எழுதிக்கொடுத்தார். காரணத்தை நிறுத்தினால் கொஞ்சம் மீளலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

வசுவைக் கேன்டீனுக்கு வரச் சொன்னேன். சுடலைமுத்து சொல்லியிருப்பார் போல. வந்து உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"மே மாசம் உங்கிட்ட சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"நிறுத்தியிருப்பேன்."

"பொய் சொல்லாத. இன்னொரு தடவ பாருன்னிருப்ப. ஏழு வருஷமா அப்படித்தான சொன்ன? உனக்கு நம்பர் வேணும், நான் நம்பர் குடுத்தேன். எனக்கு ஜூன்ல வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. ஏழு வருஷத்துல ஒரு எலியை வந்து பாத்திருக்கியாட்டி?"

"ஜூன்ல உங்கிட்ட கேட்டேன்."

"கேட்ட. நான் பொய் சொன்னேன். எதுக்குக் கேக்கன்னு நானும் கேட்டேன். நீ சும்மான்ன."

"ஜூலைல சொன்னேனே வசு. அக்காவுக்குப் போடுதேன்னு சொன்னேனே."

 வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள். "மொதல்ல கால் நிக்கட்டும், பொறவு சொல்லுவோம்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் சொல்லத்தான் வந்தேன். அக்கா சோறு போட்டுருவாங்க."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அறைந்துவிடலாம் என்றுகூடக் கை பரபரத்தது. விடுதியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டவள் இவள். இவளையா நம்பினேன் என்று நினைக்கும்போதே, வேறு யாரை நம்பியிருப்பேன் என்றும் தோன்றியது. 

எழுந்து போகும்போது தணிந்த குரலில் சொன்னாள்: "புகார் குடுக்கணும்னா குடு. எல்லாப் பக்கத்துலயும் உன் கையெழுத்துதான் இருக்கு."

செப்டம்பர் 6, வெள்ளி

நாலு மணிக்குக் கால் தானாகக் கேன்டீனுக்குப் போயிற்று. இரண்டு டீ சொல்லிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

செப்டம்பர் 7, சனி

சொர்ணம் மதினி திருப்பிக் கொடுத்த உறைகளையும் புண்ணை வரைந்த கண்ணாடித் தாள்களையும் மேசையில் தேதி வாரியாக அடுக்கினேன். அக்கா நாளொன்றுக்கு இருபதாக வரிசையாக எழுதியதால் உறைகளுக்கும் தேதி சொல்ல முடிந்தது.

வாயு உள்ள களிம்பு போட்ட நாளில் புண் சுருங்கியிருக்கிறது. வாயு இல்லாத பேட்ச் பதினான்கு போட்ட நாளில் நின்றிருக்கிறது. பதினைந்து போட்டதும் மறுபடி சுருங்கியிருக்கிறது. எழுத்து மட்டும் எழுதிய நாளெல்லாம், பதினான்கு போட்ட நாளிலும்கூட, சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. புண்ணை ஆற்றியது வாயு. அக்காவைக் கெடுத்தது அதைச் சுமந்துவந்த உலோகம். நான் ஏழு வருடமாகச் சொன்னதில் பாதி உண்மை. இந்த ஏழு வருடத்தில் நான் கண்ணால் பார்த்த ஒரே சோதனை இதுதான். நடத்தியது தெரியாமல் நடத்தியிருக்கிறேன், என் அக்காவின் உடம்பில்.

அந்த முன்வரிசை மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டும். பஸ் டெப்போவுக்குப் போகவில்லை அம்மா. எங்கள் அக்காவின் தலைக்குள் நிற்கிறது.

பதின்மூன்று நாளில் நெறிமுறைக் குழு. இருபது பேரின் பெயர்ப் பட்டியல் என் பையில் இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சென்னைக் களிம்பு இல்லை என்பதிலிருந்து போர் தண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வசு செய்ததைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தது.  ஒரு வெங்காயத்தை எடுத்தவள் அதை உரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"வசு பொய் சொன்னா, சரி" என்றாள். "நீ என்ன சொன்ன?"

"பயந்துருவேன்னுதான்க்கா..."

"காலு போவப்போவுதுன்னா யாரு வேண்டாம்பா? கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேக்கலியே." அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "எலிட்டயும் கேக்க மாட்டீய, என்ன?" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு அவளே சோறு போட்டாள். குழம்பு ஊற்றும்போது கை ஆடித் தரையெல்லாம் சிந்தியது. கரண்டியை வாங்க எழுந்தேன்.

"உக்காரு" என்றாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அக்காவிடம் தனியாகப் பேசினார்.

செப்டம்பர் 11, புதன்

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். இணைப்பாகக் கண்ணாடித் தாள்கள், உறைகள், ஸ்கேன், இந்த டைரியின் நகல். அக்காவின் அறிக்கைகளை அனுப்ப அவள் சம்மதம் வேண்டும். இந்தத் தடவை கேட்டேன்.

"மொதல்ல வாசிக்கேன்" என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தாள். தாள் கையில் ஆடியதால் மேசையில் வைத்து, விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். இரண்டாம் பக்கத்தில், 'தவறிழைத்தோர்: முனைவர் வசுமதி, முனைவர் பொன்மலர்' என்ற வரியில் விரல் நின்றது.

"உன் பேரு ரெண்டாவதா இருக்கு."

"ஆமா."

"மொதல்ல போடு."

அவளை மடக்க என்னிடம் ஆயிரம் நியாயம் இருந்தது. எலியை மறைத்தது வசு. பொய்க் கணக்கு எழுதியது வசு. அக்கா தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றி எழுதினேன்.

பிறகு பேனாவை வாங்கினாள். சம்மதத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அதோடு நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், என் லேப் நோட்டுகளில் பார்த்திருப்பாள் போல, தானாகவே எழுதினாள்: 'படித்தேன், புரிந்துகொண்டேன். பொ. தங்கபுஷ்பம்.' அரிசியளவுகூட இல்லை எழுத்து. கண்ணருகே கொண்டுபோய்த்தான் வாசித்தேன். அதை எழுத அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. என் ஏழு வருட நோட்டுகளில் இப்படி ஒரு சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

தபாலாபீசுக்குக் கிளம்பினேன். அக்கா செருப்பு இரண்டையும் மாட்டிக்கொண்டு கேட் வரை வந்தாள். புண் முழுக்க மூடிவிட்டது, கட்டுத் துணிகூட இல்லை. நடை மட்டும் சரியில்லை. கேட்டுப் பக்கத்தில் இடது கால் இழுபட்டுச் செருப்பு கழன்றது.

குனிந்து மாட்டிவிடப் போனேன். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.